கொழு

சலவைச் சோடாத் தண்ணீரிலிருந்து கொழுவை எடுத்தபோது, செங்கல் நிறத்தில் இருந்த துரு கறுத்துப் போயிருந்தது.

பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க, கொல்லரின் சுத்தியல் விழுந்த பள்ளங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

போன வாரம் எங்கள் காட்டில் டிராக்டர் கிளறிப் போட்ட ஏர்க்கொழு, கலப்பையின் இரும்பு முனை. சலவைச் சோடா கரைசலில் வைத்து, பேட்டரி சார்ஜரின் மைனஸை இதிலும் பிளஸ்ஸைப் பழைய இரும்புக் கம்பியிலும் மாட்டி, ஒரு ராத்திரி திண்ணையில் விட்டேன். (பிளஸ்ஸில் எவர்சில்வர் மட்டும் வேண்டாம். குரோமிய நஞ்சு தண்ணீரில் இறங்கும்.)

நுனி ஒரு பக்கமாகவே தேய்ந்திருக்கிறது. உழுதவர் கலப்பையின் கைப்பிடியான மேழியை அந்தப் பக்கமே சாய்த்துப் பிடித்திருப்பார் போல. தாத்தாவாக இருக்குமோ?

பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். மனசு வரவில்லை, பள்ளங்கள் மூடிவிடும். தேன்மெழுகு மட்டும் பூசிக் கூடத்துச் சுவரில் மாட்டினேன்.

அம்மா அந்த நுனியைத் தடவியபடி ரொம்ப நேரம் நின்றார்.