காணி அவருடையது

“காணி அவருடையதுதானே, அம்மா” என்று நான் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

லண்டனிலிருந்து நம் ஆட்களை யோர்க்‌ஷயர் கூட்டிப்போனால், காசில் ஹோவார்டு மாளிகையில் கோட்டைக் கதையை நான் விடுவதில்லை. 14 ஆம் நூற்றாண்டில் அங்கே எழுந்த ஹெண்டர்ஸ்கெல்ஃப் கோட்டை 1693 இல் எரிந்தது. 1699 இல் மூன்றாம் கார்லைல் பிரபு, அதுவரை ஒரு வீடும் கட்டியறியாத நாடகாசிரியர் வான்பரோவிடம் மாளிகை வேலையைக் கொடுத்தார். கோட்டையின் மிச்சத்தோடு பக்கத்து ஊரும் இடிபட்டுப் போனது. நாம் நடக்கும் புல் நடைபாதை பழைய ஊர்த்தெரு போன வழிதான்.

ஒருதடவை அதைக் கேட்டதும் கூட வந்த ஒரு அம்மா குடை நுனியால் புல்லை ஒருதரம் குத்திப் பார்த்தார். “அப்ப இஞ்ச இருந்த சனத்தை எழுப்பேக்க ஒருத்தரும் கேக்கேல்லையோ, தம்பி?”

காணி பிரபுவுடையதுதானே என்று நான் சொன்னேன். “ஓம், காணி அவற்ற” என்று நடக்கத் தொடங்கிவிட்டார். அவர் எந்த ஊர், எப்போது எழும்பி வந்தவர் என்று நான் விசாரிக்கவில்லை. வழிகாட்டிக்கு அது வேலையும் இல்லை.

அந்தக் காலத்துச் சட்டத்தைத்தானே சொன்னேன்? பிரபுவுக்கு வக்காலத்து வாங்கவில்லையே. அந்தக் காணிகூட டேக்கர் வீட்டு எலிசபெத்தைக் கட்டியதால் பிரபுவின் ஹோவார்டு குடும்பத்துக்கு வந்தது. சீதனக் காணி என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். கேள்வி மட்டும் அப்படியே நின்றிருக்கும்.

அப்புறம் வான்பரோ. 1709 இல், பிளெனிம் மாளிகை கட்டும்போது, பக்கத்திலிருந்த பழைய உட்ஸ்டாக் அரண்மனையை இடிக்க வேண்டாம் என்று அவரே மன்றாடி எழுதினார். பழைய கட்டடங்கள் அங்கே வாழ்ந்தவர்களை நினைக்க வைக்கும் என்றார். நல்ல பேச்சு. ஆனால் அவர் மனதில் இருந்தது இரண்டாம் ஹென்றி மன்னரும் காதலி ரோசமண்டும். தெருவில் குடியிருந்த சனம் அந்தக் கணக்கில் வராது. நானும் பேருந்தில் பிரபுக்களின் பெயரைத்தானே வரிசையாகச் சொல்கிறேன், வேறு பெயர் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?

மனு எடுபடவில்லை. வான்பரோ தான் குடியிருக்கத்தான் கேட்கிறார் என்று பிளெனிமின் எஜமானி மார்ல்பரோ சீமாட்டி சந்தேகப்பட்டார். வான்பரோ அங்கே தங்கியதும் உண்மைதான். உட்ஸ்டாக்கையும் இடித்தார்கள்.