114 நாள் அடுப்பு, ஒரு வாஷர்

நீராவிக் கலத்துக்குள் எங்கள் சுவிட்ச் பெட்டி போய் ஆறாவது மணி நேரம். வெளியே மெக்கர் என்ற மீட்டரில், மின்சாரம் கசியாமல் தடுக்கும் காப்புத் தடையை அளந்துகொண்டிருந்த பையன், "சார், இறங்குது" என்றான். நூற்றுக்கணக்கான மெகா ஓமில் நின்றது பத்துக்கு வந்து, ஒன்றுக்கும் கீழே போனது. சிக்னல் விட்டு விட்டு வர ஆரம்பித்தது. எட்டு மாத வேலை போச்சு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கோவை கணபதியில் எங்களுக்குச் சின்னப் பட்டறை. வால்வு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும் லிமிட் சுவிட்ச் பெட்டி செய்கிறோம். சர்க்கரை ஆலைக்கும் சாய ஆலைக்கும் வருஷக்கணக்காகக் கொடுத்துப் பழக்கம். அணுமின் நிலையத்தில், அதுவும் உலைக் கட்டடத்துக்கு உள்ளே வைக்க விசாரணை வந்தபோது, "ஐபி 68 சான்றிதழ் இருக்கே, போதாதா?" என்றுதான் கேட்டேன்.

எதிரே இருந்த தர ஆய்வாளர் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தைச் சொன்னார். 1979 மார்ச் 28, அமெரிக்காவின் பென்சில்வேனியா. அழுத்தம் விடும் வால்வு ஒன்று திறந்தபடி சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ, வால்வை மூடும் கட்டளை போனதைத்தான் காட்டியது; மூடியதா என்று காட்டவில்லை. குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியேறி, உலையின் உள்ளகம் பாதி உருகியது. "உங்க பெட்டியோட வேலையே அதுதான். எல்லாம் கெட்டுப்போன நேரத்தில் அது உண்மை சொல்லணும்" என்றார். ஐபி 68 என்பது புதுப் பெட்டியைப் பச்சைத் தண்ணீரில் மூழ்கவைத்துப் பார்ப்பது. இவர்கள் கேட்டது வேறு.

ஒரே பெட்டி எல்லாச் சோதனையையும் வரிசையாகத் தாண்டவேண்டும். முதலில் வயதாக்குவது: அடுப்பில் சூடாக்கி, பெட்டியை 40 ஆண்டு பழசாக்குவது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் ரப்பரின் ஆயுள் பாதியாகும் என்பது கைக்கணக்கு. முறையாகச் செய்வதற்கு, வெப்பத்தால் பொருள் எவ்வளவு வேகமாகக் கெடும் என்று சொல்லும் அர்ரீனியஸ் சமன்பாடு இருக்கிறது. எங்கள் ரப்பருக்கு 50 டிகிரியில் 40 ஆண்டு என்பது 120 டிகிரியில் சுமார் 114 நாள். அத்தனை நாளும் அடுப்பு அணையக் கூடாது. கோவை மின்வெட்டுக்குப் பயந்து ஜெனரேட்டர் பக்கத்திலேயே ஒரு ஆளைப் படுக்கவைத்தோம். அப்புறம் கோபால்ட்-60 காமா கதிரில், 40 ஆண்டுக்கான டோஸும் விபத்துக்கான டோஸும் சேர்த்து. அப்புறம் ஆயிரக்கணக்கான முறை சுவிட்சைத் தட்டுவது. அதற்கப்புறம் நிலநடுக்க மேசை: சின்ன நடுக்கம் ஐந்து முறை, பெரியது ஒரு முறை. பெட்டி நிலையத்தில் எந்தத் தாங்கியில், எந்தப் பக்கம் கேபிள் வைத்து நிற்குமோ அதேபோல் பூட்டித்தான் குலுக்கினார்கள். கேபிளைக் கீழ்ப்பக்கம் விட்டால் தண்ணீர் ஏறாதே என்று நான் போட்ட கணக்கு எடுபடவில்லை.

கடைசியில்தான் நீராவி, விபத்து நேரத்தைப்போலவே. சில நொடிகளில் 150 டிகிரிக்குத் தாவும். அந்த வெப்பத்தில் நிறைவுற்ற ஆவியின் அழுத்தம் வெளிக்காற்றைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. முடி நுழையும் சந்து இருந்தாலும் போதும். சுவிட்சில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், நாட்கணக்கில் கவனிப்பார்கள்.

பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு தேக்கரண்டித் தண்ணீர். மூடியின் ஓரிங், அதாவது ரப்பர் வளையம், இறுகிப்போயிருந்தாலும் பிடித்திருந்தது. தோற்றது, கேபிள் நுழையும் இடத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டுக்குள் இருந்த ரப்பர் வாஷர். மூடிக்கு வெப்பம் தாங்கும் ஈபிடிஎம் ரப்பரைத் தேர்ந்து, கணக்குப் போட்டு, ரிப்போர்ட் எழுதிய நாங்கள், கிளாண்டைக் கடையில் வாங்கி மாட்டியிருந்தோம். அது சாதாரண நைட்ரைல் ரப்பர். எடுத்து வளைத்தால் பிஸ்கட் மாதிரி உடைந்தது. "இதைக் கணக்குலயே சேர்க்கலியே தம்பி" என்றார் ஃபோர்மேன் அண்ணன்.

விட மனசில்லாமல் வாதாடினேன். 120 டிகிரி நைட்ரைலுக்கு அதிகம், அடுப்புதான் அதைக் கொன்றது, 50 டிகிரியில் இப்படி ஆகியிருக்காது என்றேன். வாதம் முழுக்கத் தப்பும் இல்லை. ஆய்வாளர் அமைதியாக, "சரி, 50 டிகிரியில நைட்ரைல் 40 வருஷம் தாங்கும்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார். பேனாவை எடுக்கவில்லை நான்.

கிளாண்டை மாற்றி, கேபிள் நுழையும் இடத்தில் தனி சீல் வைத்தோம். நீராவிச் சோதனையை மட்டும் புதுப் பெட்டியில் திரும்பச் செய்யலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "விபத்து நடக்கிற அன்னிக்கு அது 39 வயசுப் பெட்டியா இருந்தா?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மறுபடி 114 நாள் அடுப்பு, மறுபடி காமா, மறுபடி குலுக்கல். அப்பாவிடம் இதைச் சொல்லிக் கடன் கேட்ட கதை தனி.

இரண்டாம் முறை ஆறாவது மணி நேரத்தில் எனக்குத்தான் காப்புத் தடை இறங்கியது; பெட்டிக்கு இல்லை. கடைசி நாள் வரை சிக்னல் ஒருமுறைகூடத் துடிக்கவில்லை. திறந்தோம், உள்ளே உலர்ந்திருந்தது.

போன மாதம் ரப்பர்க்காரர் புது லாட் ஓரிங் கொண்டுவந்தார். கறுப்பு கொஞ்சம் வெளிறியிருந்தது. "சரக்கு அதேதான் சார், ரப்பர்ல கலக்கிற கார்பன் மட்டும் வேற கம்பெனி" என்றார். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, லாட்டைத் திருப்பி அனுப்பினேன்.