ஏப்ரல் பூவுக்குத் தை நாற்று

இலங்கை மலைநாட்டு நுவரெலியாவில், சுற்றுலாக்காரர் கூடும் ஏப்ரல் சீசனுக்குப் பூத்து நிற்க வேண்டிய பெட்டூனியா, தை பிறக்கும்போதே விதைத் தட்டில் இருக்க வேண்டும். உறைபனி கொட்டுவதும் அதே நாட்களில்தான். பனிக்குப் பயந்து பொலித்தீனை இரவும் பகலும் இழுத்து மூடி வைக்கிறோம். பனியில் கருகும் நாற்றைவிட இப்படி உள்ளேயே அழுகும் நாற்றுதான் அதிகம்.

முதலில் இடம். குளிர்காற்று தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தேயிலை மலையில் பள்ளத்துக் கொழுந்து முதலில் கருகுவது அதனால்தான். தண்ணீர் எடுக்கச் சுலபம் என்று ஓடைக்கரையில் நாற்றுமேடை போடாதீர்கள். சரிவின் நடுவில் போடுங்கள்.

மேடை 4 அடி அகலம். அரை அங்குல பிவிசி குழாயை 8 அடி நீளத்துக்கு வெட்டி வளைத்து, இரு பக்கமும் முக்கால் அடி மண்ணில் இறக்கினால் நடுவில் 2 அடி உயரம் வரும். வளைவுக்கு வளைவு 3 அடி போதும். மேலே பொலித்தீன் போர்த்தினால் கூடாரம் தயார். இலை பொலித்தீனில் முட்டக் கூடாது. முட்டிய இடம் பனி இரவில் கருகிவிடும்.

வானம் தெளிந்து காற்றும் நின்றுவிட்டால் அன்றிரவு பனி கொட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் பொலித்தீன் அதைத் தடுக்காது. மண்ணின் சூடு அதன் வழியே வெளியேறிவிடும். சில இரவுகளில் வெளியைவிட உள்ளே குளிர் கூடியும் போகும். மண்ணில் வெயில் சூடு இருக்கும்போதே, மாலை ஐந்தரைக்குள், மேலே பழைய படங்கு (தடித்த கித்தான் விரிப்பு) அல்லது நாலைந்து மடிப்புப் பத்திரிகைத் தாள் போட வேண்டும். இரவு ஒன்பது மணிக்குப் போர்த்தினால் குளிரைத்தான் பொத்தி வைப்பீர்கள்.

காலை எட்டுக்குப் படங்கை எடுத்து இரு முனைகளையும் திறந்துவிடுங்கள். வெளியே 18 பாகை செல்சியஸ் என்றாலும் மலை வெயிலில் மூடிய கூடாரம் பத்து மணிக்கே அவியத் தொடங்கும். நாலு மணிக்கு மூடலாம். பலர் தவறுவது மூட்டமும் தூறலுமாக இருக்கும் நாளில். அன்றும் ஒரு முனையை இரண்டு மணி நேரமாவது திறக்க வேண்டும். தண்டு மண்ணோடு ஒட்டும் இடத்தில் நூலாகச் சுருங்கி நாற்று சாய்கிறதே, அந்த நாற்றழுகல் நகராத ஈரக்காற்றில் ஒரே இரவில் தட்டு முழுக்கப் பரவும்.

விதைத் தட்டுக்கான கலவை: தும்புச்சோறு (தென்னந்தும்புத் தூள்) இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, சலித்த கூட்டெரு ஒரு பங்கு. தும்புச்சோற்றை நிறம் இறங்கும்வரை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள்; உப்பு இருக்கும். கலந்த பின் கொதிநீர் ஊற்றி, ஒரு நாள் ஆறவிட்டு விதையுங்கள்.

பெட்டூனியா விதை தூசி மாதிரி. ஒரு தேக்கரண்டி நுண்மணலோடு கலந்து தூவுங்கள், மேலே மண் போடாதீர்கள். முளைக்க வெளிச்சம் வேண்டும். பான்சி இதற்கு நேர்மாறு: 3 மில்லிமீற்றர் மண்ணால் மூடி, முளை தெரியும்வரை இருட்டில் வையுங்கள். குளிர் அதற்குப் பிடிக்கும். சல்வியா சூடு கேட்கும். கூடாரத்தில் வைத்தால் வாரக்கணக்கில் அசையாது. தட்டை அடுப்படிப் பரணில் வைத்து நாலாம் நாளிலிருந்து தினமும் பாருங்கள். முளை கண்டதும் வெளிச்சத்துக்கு மாற்றாவிட்டால் நெட்டையாகி விழும்.

விடிகாலையில் பீலியில் (மலை ஊற்றுக் குழாயில்) வரும் தண்ணீரை நேரே ஊற்ற வேண்டாம். முதல் நாளே வாளியில் பிடித்துக் கூடாரத்துக்குள் வைத்தால் குளிர் விட்டிருக்கும். அதில் தட்டின் அடியை அமிழ்த்தி, மேல்மண் நனைந்ததும் எடுத்துவிடுங்கள். காலையில் மட்டும், மாலையில் கூடாது.

விதைக்குப் பதில் நட்டு வேர் விடவைக்கும் தண்டுத் துண்டுகளை வெட்டக் கவாத்துக் கத்தி வேண்டாம், புதுச் சவர பிளேடு எடுங்கள். பியூஷியா 3 அங்குலம், பூ இல்லாத நுனி, கணுவுக்குக் கீழே வெட்டு. மூடிய கூடாரத்தில் மூன்று வாரத்தில் வேர் விடும். ஜெரேனியத்தை அதே கூடாரத்தில் போடுவதுதான் வழக்கமான பிழை. வெட்டை ஓர் இரவு காயவிட்டு, மணல் கூடிய கலவையில் நட்டு, தாழ்வாரத்தில் மூடாமல் வையுங்கள். மூடினால் அடித்தண்டு கறுத்து அழுகும்.

கிறிசாந்திமம் தனிக்கதை. இங்கே தை மாதப் பகல் 12 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அது மொட்டுக் கட்டும் காலம் என்பதால் நுனித்துண்டு வேர் விடத் தாமதிக்கும், விட்டாலும் குட்டையாகப் பூத்துவிடும். தாய்ச்செடியின் அடியில் கிளம்பும் இளந்தளிரையே எடுங்கள்.

நாற்றில் நாலு உண்மை இலை (முளையோடு வரும் வித்திலைகளுக்குப் பின் வருபவை) வந்ததும் பைக்கு மாற்றுங்கள். தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்குங்கள். இலை கிழிந்தால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் போச்சு. வெளியே நடுவதற்கு முன் பத்து நாள் பழக்க வேண்டும். முதல் நாலு நாள் பகலில் பொலித்தீனை முழுக்கச் சுருட்டி வையுங்கள், பிறகு இரவிலும். வானம் தெளிந்த இரவு வந்தால் மட்டும் படங்கு மறுபடி மேலே ஏறட்டும்.