கப்பல் வடிவில் ஒரு பீங்கான் சாடி

பாரிசுக்கு அருகிலுள்ள செவ்ர் அரச பீங்கான் ஆலையில் 1760ஆம் ஆண்டையொட்டி உருவான கப்பல் வடிவ நறுமணச் சாடியின் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதெல்லாம், அதன் மூடியில்தான் என் கண் நிலைகொள்கிறது. பாய்மரமும் கயிறுகளுமாக எழும் அம்மூடியெங்கும் துளைகள். உள்ளே இட்ட உலர்ந்த மலரிதழ்களின் மணம் அவற்றின் வழியே அறைக்குள் பரவும். பாய்மரத்தைச் சுற்றிக்கொண்ட கொடியோ, அசல் துணியைப் போலவே மடிந்து கிடக்கிறது.

இதை வடிவமைத்தவராகக் கருதப்படும் ழான்-க்ளோத் துப்ளெசி, இத்தாலியின் துரின் நகரில் பிறந்த பொற்கொல்லர். குயவர் அல்லர் என்பதை எண்ணினால், இந்த வளைவுகளின் துணிச்சல் விளங்கும். இச்சாடிக்குப் பயன்பட்ட, கயோலின் என்னும் வெண்களிமண் சேராத மென்பீங்கான் சூளையில் எளிதில் தொய்ந்து உருக்குலையும் என்பதால், இத்தனை துளைகள் வெட்டிய மூடியைச் சேதமின்றிச் சுட்டெடுப்பது பெரும்பாடு. இவ்வடிவச் சாடிகளில் இன்று எஞ்சியிருப்பவை 10 மட்டுமே. அவற்றுள் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் த பொம்பதூரிடம் இருந்த சாடி இப்போது லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்த நிறச்சேர்க்கை மட்டும் எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது.