ஸ்விண்டனின் ஒதுக்கமும் கார்க்கின் விசாரிப்பும்

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இங்கிலாந்தும் அயர்லாந்தும் ஒன்றுதான். இரண்டு இடத்திலும் கார் இடது பக்கம் ஓடுகிறது. பிளக்குக்கு மூன்று தட்டைக் கால். டீயில் பால். ஊருக்கு ஊர் டெஸ்கோ. மழையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. நான் வேலை பார்த்த இடங்கள்கூட ஒரே மாதிரிதான்: இங்கிலாந்தின் ஸ்விண்டனில் ஒரு மருந்துத் தொழிற்சாலை, அப்புறம் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தை ஒட்டிய ரிங்கஸ்கிடியில் இன்னொன்று. அதே இயந்திரங்கள், ஒவ்வொரு தொகுதி மருந்துக்கும் எழுதும் அதே பேட்ச் ரெக்கார்டு, அதே ஆடிட் பயம். சம்பளம் பவுண்டிலிருந்து யூரோவுக்கும், சாலைப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கும் மாறியது. மற்றபடி மாறியதெல்லாம் மனிதர்கள்தான்.

ஸ்விண்டனில் என் பக்கத்து மேசைக்காரருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது நான் வேலையை விட்டுக் கிளம்பும் சமயத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் நான் டீயில் எவ்வளவு பால் விடுவேன் என்பது அவருக்கு முதல் வாரமே தெரியும். ஆபீஸ் பேன்ட்ரியின் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். பெயர், டீயா காபியா, எவ்வளவு பால், எத்தனை சர்க்கரை. யாருக்கு டீ தோன்றுகிறதோ அவர் எழுந்து எல்லாரையும் கேட்டு, எல்லாருக்கும் போட்டுக்கொண்டு வரவேண்டும். மேனேஜரும் போடுவார். தனக்கு மட்டும் போட்டுக்கொண்டு வருகிறவனை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், மறக்கவும் மாட்டார்கள். இங்கிலாந்து மரியாதை என்பது எனக்குப் புரிந்தவரை அந்தத் தாள்தான். உனக்கு வேண்டியதைக் கவனமாகச் செய்வேன், உன் கதைக்குள் நுழைய மாட்டேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் அவசரமாக ஊருக்குப் போகவேண்டி வந்தது. மேனேஜர் என்ன நோய் என்றுகூடக் கேட்கவில்லை. "கிளம்புங்கள், இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். திரும்பி வந்து பார்த்தால் என் பெயரில் இருந்த டீவியேஷன் (நடைமுறை தவறிய இடங்களை விசாரித்து எழுதும் கோப்பு) எல்லாம் முடித்து வைக்கப்பட்டிருந்தது. யார் முடித்தது என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. இதைப் பாசமில்லாத தேசம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. (யார்க்‌ஷயர்க்காரர்கள் இதைப் படித்தால், "அது தெற்கத்திப் பழக்கம், எங்கள் பக்கம் வந்து பார்" என்பார்கள். அதுவும் சரிதான், வடக்கே போகப் போகப் பேச்சு தாராளம்.)

கார்க்கில் கதை வேறு. முதல் வாரமே கேன்டீன் அம்மாள் என் ஊர், அப்பா பார்த்த வேலை, கல்யாண வருஷம், அம்மா தனியாகவா இருக்கிறார் என்பதுவரை கேட்டு முடித்துவிட்டார். மறுநாள் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி கியூ.ஏ. (தர உறுதிப் பிரிவு) மேலாளர் என்னிடம் விசாரித்தார். எனக்கு மட்டும் இந்த மரியாதை என்று நினைத்துவிடக் கூடாது. பக்கத்து கவுன்டியான கெர்ரியிலிருந்து ஒரு பையன் புதிதாகச் சேர்ந்தான். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், எந்த விளையாட்டு கிளப் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார்கள். அவனுடைய மாமா ஒருவர் எங்கள் பேக்கிங் சூப்பர்வைசரின் மனைவியோடு படித்தவர் என்று கண்டுபிடித்த பிறகுதான் அவனைச் சாப்பிட விட்டார்கள்.

சின்ன நாடு, அதனால் இது சாத்தியம். 2022 கணக்கெடுப்பில் அயர்லாந்துக் குடியரசின் மொத்த மக்கள்தொகையே சுமார் 51 லட்சம்தான். ஆனால் அது மட்டும் காரணமில்லை என்று தோன்றுகிறது. 1841-இல், இன்றைய வட அயர்லாந்தையும் சேர்த்து, அந்தத் தீவு முழுவதிலும் 80 லட்சத்துக்கும் மேல் ஆட்கள் இருந்தார்கள். 1845-இல் உருளைக்கிழங்கு நோயில் தொடங்கிய பஞ்சமும் அதன் பிறகு விடாமல் புறப்பட்ட கப்பல்களும் அந்த எண்ணிக்கையைச் சரித்தன. இன்றைக்கும் தீவு முழுவதையும் கூட்டினால் அந்தக் கணக்கு வராது. வீட்டுக்கு ஒருவர் லண்டனிலோ பாஸ்டனிலோ இருக்கும் ஊரில், யார் யாருடைய பிள்ளை என்று கேட்டுவைப்பது வெறும் வம்பு ஆகாது.

இது முழுசாக விளங்கியது ஒரு சாவில். எங்கள் ஷிப்ட் எலக்ட்ரீஷியனின் அம்மா மேற்குக் கார்க்கில், பான்ட்ரி பக்கம் ஒரு கிராமத்தில் இறந்துபோனார். அன்று காலையே எல்லார் போனிலும் ஆர்.ஐ.பி. டாட் ஐ.ஈ. திறந்திருந்தது. சாவுச் செய்திக்கென்றே 2005-இலிருந்து நடக்கும் இணையதளம். யார் எப்போது எங்கே அடக்கம் என்று அதில் பார்க்காமல் டீ குடிக்காதவர்கள் உண்டு. எந்த ஷிப்ட் எப்போது போவது, யார் காரில் யார் என்று மேனேஜரே பட்டியல் போட்டார். அந்த அம்மாளை அவர்களில் பலர் பார்த்ததுகூடக் கிடையாது. வீட்டுக்கு வழி கேட்டேன். 2015-இல்தான் இந்த நாட்டுக்கே பின்கோடு மாதிரி ஒன்று வந்தது, அதை யாரும் பெரிதாகச் சட்டை செய்வதில்லை. "சர்ச் ஒன்று வரும், அதைத் தாண்டிப் போ, எங்கே நிறைய கார் நிற்கிறதோ அதுதான் வீடு" என்றார்கள்.

போனேன். வாசலிலிருந்து வரிசை. முன்னறையில் திறந்த பெட்டியில் அம்மாள், கையில் ஜெபமாலை. சுவரோரம் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவர் கையாகப் பிடித்து ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு நகர வேண்டும். எல்லாரும் சொல்வது அதே வாக்கியம்தான். புதிதாக எதையும் யோசித்துச் சொல்ல வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி! அடுத்த அறைக்குள் போனால் சமையலறை. சாண்ட்விச், கேக், டீ, அண்டை வீட்டுப் பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு மூலையில் இறந்தவரைப் பற்றிய பழைய கதைக்கு ஆண்கள் சத்தமாகச் சிரிக்கிறார்கள். கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் சாவுக்குப் போகணும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவனுக்கு இதில் அந்நியமாக எதுவுமே இல்லை. இரண்டு மூன்று நாளில் அடக்கம் முடிந்துவிடும். ஒரு மாதம் கழித்து அவருக்காக மறுபடி ஒரு பூசை, அதற்கும் ஆட்கள் போனார்கள்.

ஸ்விண்டனிலும் ஒருவருடைய அப்பா இறந்தார். ஒரு கவரில் வைத்த கார்டு மேசை மேசையாகச் சுற்றி வந்தது, கையெழுத்துப் போட்டோம். அடக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று வாரம் ஆனது. அங்கே அது சகஜம். குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் போனார்கள். அழைக்காத இடத்துக்கு ஆபீஸ் ஆட்கள் போய் நிற்பது துக்கத்தில் கை வைப்பது போல. அவர் வேலைக்குத் திரும்பிய நாளில் எல்லாரும் அவரிடம் கூடுதல் மென்மையாக இருந்தார்கள், யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது என்று பிறகு அவரே சொன்னார்.

கார்க்கின் விசாரிப்புக்கு விலையும் உண்டு. நான் வீடு பார்க்கும் சங்கதி நான் சொல்வதற்கு முன்பே தொழிற்சாலைக்குத் தெரிந்திருந்தது, என்ன விலைக்குக் கேட்டேன் என்பது உட்பட. ஒரு வேலை எப்போது முடியும் என்று கேட்டால் "ஒன்றும் பிரச்சினையில்லை" என்பார்கள், தேதி வராது. ஸ்விண்டனில் மறுப்பைப் பணிவான மின்னஞ்சலில் சுற்றி அனுப்புவார்கள். கார்க்கில் சிரித்துக்கொண்டே சம்மதித்துவிட்டுச் செய்யாமல் இருப்பார்கள். எனக்கு ஸ்விண்டன் முறையே வசதி. டாக்டரிடம் போனால் கையிலிருந்து ஐம்பது அறுபது யூரோ கொடுக்க வேண்டியிருக்கும்போதும் இங்கிலாந்தில் டாக்டருக்குக் காசு கேட்காத என்.எச்.எஸ். ஞாபகம் வந்துவிடும்.

ஒருவரைப் பற்றி இன்னொருவருக்கு எவ்வளவு தெரியும் என்பதிலும் சமன் கிடையாது. ஐரிஷ்காரர்கள் லிவர்பூலுக்கோ மான்செஸ்டர் யுனைடெட்டுக்கோ உயிரை விடுவார்கள், பி.பி.சி. பார்ப்பார்கள், லண்டன் தெருக்களைக் கரதலப் பாடமாகச் சொல்வார்கள். ஸ்விண்டன் நண்பர்களில் பாதிப் பேருக்கு டப்ளினில் யூரோ ஓடுகிறதா பவுண்டு ஓடுகிறதா என்பதே சந்தேகம்.

இதையெல்லாம் மிஞ்சுவது ஹர்லிங் என்கிற ஐரிஷ் விளையாட்டு. வளைந்த மட்டை, சின்னத் தோல் பந்து, காற்றில் பறக்கும் வேகம். டப்ளினின் க்ரோக் பார்க் மைதானத்தில் 82,000 பேர் முன்னால் ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. திங்கட்கிழமை ஆசிரியராகவோ பிளம்பராகவோ வேலைக்குப் போய்விடுவார்கள். 2024 ஜூலையில் இறுதிப் போட்டி கூடுதல் நேரம்வரை போய், கார்க் ஒரே ஒரு புள்ளியில் க்ளேர் கவுன்டியிடம் தோற்றது. மறுநாள் காலை மீட்டிங்கில் பேட்ச் நிலவரத்தை யாரும் தொடவேயில்லை. கடைசி நொடியில் நடுவர் ஃபௌல் கொடுத்திருக்க வேண்டுமா என்பதுதான் விவாதம். அந்த வேளையில், கோப்பைக்குப் பெயர் தந்த லியம் மெக்கார்த்தி லண்டனில் பிறந்தவர் என்று நான் எடுத்துவிடவில்லை.

வேறொரு நாள் எடுத்துவிட்டேன், இன்னொன்றை. "உங்களையும் எங்களையும் ஆண்டது ஒரே ஆட்கள்தானே" என்று மெயின்டெனன்ஸ்காரர் ஒருவர் தோளில் கை போட்டார். இந்தியன் என்றால் அங்கே அடிக்கடி கேட்கும் வாசகம் அது. ஜாலியன்வாலா பாக் நடந்தபோது பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்து, சுட்டதை ஆதரித்த மைக்கேல் ஓ'ட்வையர் உங்கள் திப்பரரி கவுன்டியில் பிறந்தவர்தானே என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "திப்பரரிக்காரனிடம் வேறென்ன எதிர்பார்ப்பாய்?" என்றார். அந்த வாரம் திப்பரரியோடு கார்க்குக்கு ஆட்டம் வேறு இருந்தது.

சுடச் சொன்ன ஜெனரல் டயர் படித்த பள்ளிக்கூடம் மிடில்டனில், கார்க் கவுன்டியிலேயே இருக்கிறதே என்றேன். ஒரு விநாடி யோசித்தார். "மிடில்டனா? அது கிழக்குக் கார்க்" என்றார்.