பெயர்த் தகட்டில் இல்லாதவர்கள்

2025 ஜனவரி 8

மாலையில் லாஸ் ஏஞ்சலஸின் ரன்யான் கான்யன் மலைப் பூங்காவில் தீப் பிடித்து, ஹாலிவுட் பவுல் என்னும் திறந்தவெளி இசையரங்கைச் சுற்றியுள்ள பகுதியிலிருந்தும் மக்களை வெளியேறச் சொல்லிவிட்டார்கள். மகள் கடவுச்சீட்டுகளையும் என் ஸ்கேன் படங்களையும் ஒரே பையில் வைத்துக் கதவருகே நிறுத்தியிருக்கிறாள். எனக்கோ பவுலின் வாசலில் மண்டியிட்டு யாழ் மீட்டிக்கொண்டிருக்கும் இசைத் தேவதையின் நினைவாகவே இருக்கிறது. கிரானைட் நெருப்பில் உருகாது என்றாலும் சூடேறினால் செதில் செதிலாக வெடிக்கும் என்பதை மருமகனிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை.

ஜனவரி 9

தீ அடங்கிவிட்டது, தேவதை தப்பினாள், என் இருமல்தான் அடங்கவில்லை.

ஜனவரி 14

அந்தத் தேவதையை 1940-இல் முடித்த ஜார்ஜ் ஸ்டான்லிதான் 1928-இல் ஆஸ்கர் சிலையையும் வடித்தவர் என்று பேரனிடம் சொன்னபோது, ஆஸ்கரைச் செய்தவர் செட்ரிக் கிப்பன்ஸ் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்ததாக வாதாடினான். கிப்பன்ஸ் எம்.ஜி.எம். திரைப்பட நிறுவனத்தின் கலை இயக்குநர். வாளேந்திய வீரன் ஒருவன் படச்சுருளின் மீது நிற்பதாகவும், நடிகர், இயக்குநர், தயாரிப்பாளர், எழுத்தாளர், தொழில்நுட்பர் என்ற ஐந்து பிரிவுகளைக் குறிக்க அச்சுருளில் ஐந்து ஆரங்கள் இருப்பதாகவும் தாளில் வரைந்தவர் அவர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தாளில் வரைந்த மனிதனுக்கு முதுகு கிடையாது. தோள் எங்கே முடிந்து கை எங்கே தொடங்குகிறது என்பதையும், வாளின் நுனி சுருளை எந்த இடத்தில் தொடுகிறது என்பதையும் களிமண்ணில் விரல் வைப்பவன்தான் தீர்மானித்தாக வேண்டும். கிப்பன்ஸ் பிற்காலத்தில் கலை இயக்கத்துக்காக அதே சிலையைப் பதினொரு முறை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். ஸ்டான்லிக்கு ஒன்றுகூடக் கொடுக்கப்படவில்லை.

ஜனவரி 17

இன்று வெளியாகவிருந்த ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலையும் தீயைக் காரணம் காட்டித் தள்ளி வைத்துவிட்டார்கள். என் ஸ்கேன் முடிவு தாமதமாவதற்கு மருத்துவமனையும் அதே காரணத்தைத்தான் சொல்கிறது.

ஜனவரி 23

பட்டியல் ஒருவழியாக வந்துவிட்டது, வீடு முழுவதும் நடிகர்களின் பெயர்கள்.

என் மனம் நியூயார்க் மாநிலத்தில் ராக் டாவர்ன் என்னும் சிற்றூரிலேயே நிற்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆஸ்கர் சிலைகளை வார்க்கும் பொறுப்பு அங்கிருந்த பொலிச் டாலிக்ஸ் பட்டறைக்குப் போனபோது, அவர்கள் 1929-ஆம் ஆண்டின் பழைய சிலை ஒன்றையும் அண்மைக்காலச் சிலை ஒன்றையும் அருகருகே வைத்து ஸ்கேன் செய்தார்கள். இந்த ஒரு வேலைக்காகவே அவர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று. வார்ப்பிலிருந்து மோல்டு, அதாவது வார்ப்பு அச்சு, எடுத்து, அந்த மோல்டிலிருந்து மறுபடியும் வார்த்தால், உலோகம் குளிரும்போது சுருங்குவதால் உருவம் சிறுத்துக்கொண்டும் விளிம்புகள் மழுங்கிக்கொண்டும் போகும் என்பது வார்ப்புக்கு மாதிரி செய்யும் பேட்டர்ன் கடையில் ஒரு மாதம் இருந்தவனுக்கே தெரியும். ஸ்டான்லியின் கை விட்டுச்சென்ற நுணுக்கங்கள் முகத்திலும் உடலிலும் காலப்போக்கில் மங்கியிருந்தன, அவற்றை மீட்டெடுத்தார்கள்.

செய்முறை இதுதான். முப்பரிமாண அச்சில் மாதிரி எடுத்து, அதைக் கொண்டு மோல்டு செய்து, மெழுகில் வார்த்து, மெழுகைப் பீங்கான் உறையால் மூடி, மெழுகு உருகி வெளியேறிய உறையை ஏறத்தாழ 870 டிகிரி செல்சியஸில் சுட்டு, 980 டிகிரிக்கு மேல் கொதிக்கும் வெண்கலத்தை அதில் ஊற்றுகிறார்கள். உள்ளே கூடு விடாத, முழுத் திண்ம வார்ப்பு. தடித்த மார்பும் ஒல்லியான கணுக்காலும் கொண்ட ஓர் உருவத்தைத் திண்மமாக ஊற்றினால் மெல்லிய இடம் முதலில் உறைந்து, தடித்த இடம் உலோகத்துக்கு ஏங்கி உள்ளுக்குள் குழிவிடும். அந்தக் குழி விழாமல் கூடுதல் உலோகத்தைத் தேக்கி ஊட்டும் ரைசரை எங்கே வைத்திருப்பார்கள் என்று யோசித்தபடியே இரவு வெகு நேரம் விழித்திருந்தேன். வார்த்த பிறகு கண்ணாடிபோல் மின்னும்வரை தேய்த்து, புரூக்ளினில் உள்ள எப்னர் நிறுவனத்துக்கு 24 காரட் தங்க முலாம் பூச அனுப்புகிறார்கள். ஐம்பது சிலைகளுக்கு மூன்று மாதம் பிடிக்கிறதாம். தேய்ப்பவனின் மூக்குக்குள் போகும் தூசியைப் பற்றி யாரும் எழுதவில்லை.

ஜனவரி 30

மருத்துவமனையிலிருந்து அழைப்பு இல்லை.

பிப்ரவரி 6

2009-இல் ரஹ்மான் மேடையில் ‘எல்லாப் புகழும் இறைவனுக்கே’ என்றபோது கையில் இருந்தது வெண்கலம் அல்ல. 2015 வரை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிலைகளைச் செய்தது சிகாகோவின் ஆர்.எஸ். ஓவன்ஸ் நிறுவனம், அவர்கள் பயன்படுத்தியது பிரிட்டானியம் என்னும், பெரும்பகுதி வெள்ளீயமான கலவை. அதன்மேல் செம்பு, நிக்கல், வெள்ளி, தங்கம் என்று அடுக்கடுக்காக முலாம் ஏறும். மருமகன் இதைக் கேட்டு, ‘ஈயமா, மாமா?’ என்று முகம் சுளித்தார். குறைந்த சூட்டில் இளகி, மோல்டின் மூலை முடுக்கெல்லாம் சமர்த்தாக ஓடிப்போய் நிறையும் உலோகத்தை மட்டமாகப் பேசுவது எனக்குப் பொறுக்காது. போர்க்காலத்தில் மூன்று ஆண்டுகள் வர்ணம் பூசிய பிளாஸ்டர் சிலைகளைத்தான் கொடுத்தார்கள். போர் முடிந்த பிறகு உலோகச் சிலையாக மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள்.

பிப்ரவரி 15

மூச்சு ஒத்துழைத்ததால் கிரிஃபித் வானாய்வகத்துக்கு அழைத்துப் போனார்கள். முன்புல்வெளியில் நிற்கும் வானியலாளர் நினைவுத்தூணில் ஆறு அறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் நியூட்டன் ஸ்டான்லியின் கைவேலை. கான்கிரீட்டில் வார்த்தது. ஆடை மடிப்புகள் நேர்கோடுகளாக விழுவதும், உடல் தூணோடு தூணாக விறைத்து நிற்பதும் ஆஸ்கர் வீரனை அப்படியே நினைவூட்டின. கையெழுத்தைத் தேடித் தூணைச் சுற்றி வந்தேன். சிற்பிகள் ஒருவர் பெயரும் அதில் இல்லை. கூலி கொடுத்த அரசுத் திட்டத்தின் தலைப்பெழுத்துகளும் 1934 என்ற ஆண்டும் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மகள் உட்காரச் சொன்னாள், நான் உட்காரவில்லை.

பிப்ரவரி 20

2000-ஆம் ஆண்டில் 55 சிலைகள் பெல் நகரின் சரக்கு ஏற்றுமிடத்திலிருந்து களவுபோய், 52 சிலைகள் கொரியாடவுனில் ஒரு குப்பைத் தொட்டியருகே கிடைத்த கதையை இன்று படித்தேன். கண்டெடுத்தவருக்குப் பரிசுப் பணம் கிடைத்தது, விழாவுக்கும் அழைத்தார்கள். அவற்றை வார்த்த ஒருவரையாவது அழைத்திருக்கிறார்களா? எனக்கு இன்று எரிச்சலாக இருக்கிறது, மருந்தின் வேலையாகவும் இருக்கலாம்.

பிப்ரவரி 26

விழா வருகிற ஞாயிறு. 2010 முதல், வென்றவர்கள் விழா முடிந்த விருந்திலேயே வரிசையில் நின்று தங்கள் பெயர் பொறித்த தகட்டைச் சிலையின் அடியில் பொருத்திக்கொள்கிறார்கள். அதுவரை எல்லாச் சிலைகளும் பெயரற்றவையே. ரைசர் தலையில்தான் இருந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். இப்போது யோசித்தால், சிலையைத் தலைகீழாக நிறுத்தி அடிப்பக்கத்திலிருந்து ஊற்றியிருக்க வேண்டும், அப்போதுதான் முகத்தில் ரைசரை வெட்டியெடுத்த தழும்பு விழாது. பட்டறைக்கே எழுதிக் கேட்கலாம் என்று மகளிடம் கடிதத்தைச் சொல்லத் தொடங்கியபோது தொலைபேசி வந்தது. நாளை காலை நேரில் வரச் சொல்கிறார்கள். கடிதம் பாதியில் நிற்கிறது.