காம்பைச் சுற்றிப் பச்சை

மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையில் ஒரு பாட்டியிடம் நாட்டுத் தக்காளி வாங்கினேன். கோணல்மாணலாக, மடிப்பு மடிப்பாக, காம்பைச் சுற்றிப் பச்சை மாறாமல் இருந்தது. “பழுக்கலையேன்னு பாக்காத தாயி, ரசம் வச்சுப் பாரு” என்றார்.

அந்தப் பச்சையில்தான் விஷயமே இருக்கிறது. அடிமுதல் நுனிவரை ஒரே சீராகச் சிவக்கிற ரகங்களையே பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். எப்போது பறிக்கலாம் என்று பார்த்ததும் தெரியும். அந்த அழகுக்குக் காரணம் பழுதான ஒரு மரபணு என்று 2012-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது ஒழுங்காக வேலை செய்தால் காயின் மேல்பாகத்தில் பச்சையம் கூடும், வெயிலை வாங்கிக் காயே சர்க்கரை சேர்க்கும். அதைத் தூண்டிவிட்டுப் பார்த்தபோது, பழுத்த பழத்தில் சர்க்கரையோடு கரோட்டினாய்டு சத்துகளும் கூடியிருந்தன. நாம் கூடையில் ஒதுக்கித் தள்ளுவது இதைத்தான்!

கோணலான காயெல்லாம் சத்து அதிகம் என்று சொல்லவில்லை. பூஞ்சை பிடித்தது, அழுகியது குப்பைக்குத்தான்.

சரி, ரசம் வைத்தேன். வழக்கமாகப் போடும் புளியில் பாதிதான் தேவைப்பட்டது. அடுத்த ஞாயிறுக்கு இரண்டு கிலோ எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.